மூலை இலைக்கு ரெண்டு தரம் நெய்

அத்தை வீட்டுக்காரர்களா? ஆச்சு, ஆச்சு. எல்லாரும் சாப்பிட்டாச்சு. நீங்கள் முதலில் உட்காருங்கள் தம்பி. இந்த மூலையில் என் பக்கத்து நாற்காலி ஒன்றுதான் காலி. யோசித்துக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவன் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிடுவான். உட்காருங்கள்.

இலையைப் பார்த்தீர்களா? நாம் உட்காருவதற்கு முன்னாலேயே பரிமாறி வைத்திருக்கிறார்கள். கேசரி, கூட்டு, பொரியல், வடை, எல்லாம். இருபது நிமிஷமாக ஆள் இல்லாமல் கிடக்கிற இலை. ஈ சாப்பிட்டு மிச்சம் வைத்ததுதான் நமக்கு. கருமம்.

நுனி எந்தப் பக்கம் இருக்கிறது? வலது பக்கம். திருப்பிப் போட்டிருக்கிறான். இனி மாற்ற முடியாது, எல்லாம் வைத்தாகிவிட்டது. இது கல்யாண வீடா, வேறு வீடா என்று பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வராதா? சரி, சாப்பிடுங்கள்.

நான் சாப்பிட வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்க வந்தேன். பார்க்க வந்தவன் நின்றுகொண்டு பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும். அதனால் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் இலை இருந்தது. அவ்வளவுதான்.

நீங்கள் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம். சொந்தம்கூட இல்லை. மாப்பிள்ளையோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவர். வாயைத் திறக்க வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் இந்த மண்டபத்தில் முகம் பார்த்தவன் நான். தவசிலிங்கம். மேனேஜர். இப்போது இல்லை. ஆனால் திண்டுக்கல்லில் யாரிடம் வேண்டுமானாலும் 'மண்டபத்து மேனேஜர்' என்று கேளுங்கள், என் வீட்டுக்கு வழி சொல்வார்கள். இப்போது இருக்கிறானே ஒருவன், அவன் வீட்டுக்கு யாராவது வழி சொல்வார்களா? அவனுக்கே தெரியாது. அறை எடுத்துத் தங்கியிருக்கிறான்.

அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நாங்கள் இப்போதுதான் உட்கார்ந்தோம். முதுகில் மூச்சு விடாதீர்கள்.

பார்த்தீர்களா தம்பி? இதுதான். சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவன் வந்து நிற்பது. நாம் எப்போது ரசத்துக்கு வருவோம், எப்போது மோருக்கு வருவோம் என்று கழுத்துக்கு மேலே எட்டிப் பார்ப்பது. என் காலத்தில் இந்த அசிங்கம் கிடையாது. ஒரு கயிறு வைத்திருந்தேன். சாதாரண வெள்ளைக் கயிறு. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் குறுக்கே கட்டுவேன். முந்நூறு நாற்காலி. முந்நூறு பேர் உள்ளே போனதும் கயிறு விழும். அதற்கு அப்புறம் யார் வந்தாலும் கயிறுதான். ஒரு தடவை மாப்பிள்ளையோட பெரியப்பா வந்து, "நான் யார் தெரியுமா?" என்றார். "தெரியும். முந்நூற்றி ஒண்ணாவது ஆள்" என்றேன். கானா ஈனா முதலாளி அதைக் கேட்டுவிட்டு மூன்று நாள் சிரித்தார்.

கானா ஈனா என்றால் பழைய முதலாளி. மண்டபத்துக்கும் அதுதான் பேர். கானா ஈனா மண்டபம். போன பங்குனியில் போய்விட்டார். இரண்டு மகன்கள், இரண்டு பேரும் பெங்களூர். பதினாறாம் நாள் காரியம் இதே கூடத்தில்தான் நடந்தது. அன்றைக்கே நான்கு பேர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். துக்க வீட்டில் எவனாவது சுவரைத் தட்டிப் பார்ப்பானா?

வாங்கினவர்கள் ஆடியில் வந்தார்கள். கெட்டிக்காரன்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மண்டபம் சும்மா கிடக்கும். நாங்கள் அண்டா குண்டாவையெல்லாம் வெளியே இறக்கி ஈயம் பூசுவோம், சுண்ணாம்பு அடிப்போம். ஆள் அசந்திருக்கிற மாதம். அப்போது வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நான் வந்து பார்த்தால் வாசலில் வேறு பேர். 'கிராண்ட்' என்று ஆரம்பிக்கும். முழுசாக நான் இதுவரை படித்ததில்லை. படிக்கவும் மாட்டேன்.

சாப்பிடுங்கள். வடை சின்னது, எனக்கும் தெரிகிறது. பெண்ணுக்குத் தாய்மாமன் என்று ஒருவர் இருப்பாரே, அவர் முந்தின நாளே சமையல்கட்டில் வந்து நின்று ஒரு வடையைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் இந்த அளவுக்கு வருமா? ஆளையே காணோம். தாய்மாமன் மேடையில் மாலையைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றால் போதுமா? பந்தியில் நின்று விசாரிக்க வேண்டாமா? இந்தக் காலத்துத் தாய்மாமன்கள்.

எங்கே விட்டேன்? தருண். அதுதான் அவன் பேர். புது நிர்வாகத்து மேனேஜர். இருபத்தெட்டு வயசு. வந்த அன்றைக்கே எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தான். சமையல்காரர், பாத்திரம் கழுவுகிற அம்மாள், மின்சாரம் பார்க்கிறவர், நான். "ஒவ்வொருத்தரும் உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றான். பாத்திரம் கழுவுகிற அம்மாள் பாவம், குலதெய்வம் வரைக்கும் சொல்லி அழுதுவிட்டாள். என் முறை வந்தது. "தவசிலிங்கம்" என்றேன். "அப்புறம் அங்கிள்?" என்றான். "அவ்வளவுதான்" என்றேன்.

அங்கிள். கேட்டீர்களா? முப்பத்தோரு வருஷம் எல்லாரும் என்னை மேனேஜர் என்றார்கள். மந்திரி வந்தபோதும் மேனேஜர் என்றார். என் வீட்டுக்காரியே, செண்பகம், பக்கத்து வீட்டில் பேசும்போது 'மேனேஜர் வந்துட்டாரு' என்றுதான் சொல்வாள். இவனுக்கு நான் அங்கிள். எந்த வகையில்? என் தங்கச்சியை இவன் அப்பனுக்குக் கட்டிக்கொடுத்தேனா?

ஏப்பா, பருப்பு ஊற்றிவிட்டு நெய் எங்கே? வருதா? சரி.

முதலில் சாவியை வாங்கினான். ஒரு வளையம், நாற்பத்திரண்டு சாவி. மணமகள் அறை, மணமகன் அறை, பாத்திர அறை, தண்ணீர் மோட்டார், மேல் மாடி, எல்லாம். எதற்கும் அடையாளம் கிடையாது. என் விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். "எல்லாம் நம்பர் லாக் போடறோம் அங்கிள், இனிமே இந்த வெயிட்டைத் தூக்க வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். வாங்கி என்ன செய்தான் தெரியுமா? வரும்போது வரவேற்பு மேசைக்குப் பின்னால் பார்த்தீர்களா, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு ஒரு சாவிக்கொத்து? அதேதான். அழகுக்கு மாட்டியிருக்கிறான். அதற்கு முன்னால் நின்று பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொள்கின்றன.

அதிலே ஒரு கூத்து. பாத்திர அறைக்கு மட்டும் நம்பர் பூட்டுப் போட மறந்துவிட்டார்கள். ஆவணி மாதம், காலை ஐந்தரை மணி, அண்டாவை எடுக்க வேண்டும். கதவு பூட்டியிருக்கிறது. சாவி கண்ணாடிப் பெட்டிக்குள். பெட்டியின் சாவி தருணிடம். தருண் தூங்குகிறான். பெட்டியைத் திறந்தாலும் நாற்பத்திரண்டில் எது? என்னைக் கேட்டிருந்தால் ஒரு நொடி. கேட்கவில்லை. பூட்டை உடைத்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். கேட்டால் சொல்வோம் என்று நின்றேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நெய் வந்தாச்சு. நன்றாக ஊற்று, நெய்க்கு எதற்குக் கையுறை? தலையில் பிளாஸ்டிக் தொப்பி வேறு. ஆபரேஷனா செய்யப்போகிறாய்?

என்ன சொன்னேன், ஆவணியா? அந்த மாதமே எனக்கு ஒரு கோட்டுக் கொடுத்தார்கள். நீலக் கோட்டு. நெஞ்சில் ஒரு இங்கிலீஷ் அட்டை. என்ன எழுதியிருக்கிறது என்று சுருளியிடம் கேட்டேன். சுருளி என்று ஒருவன், அவன் கதை தனி, சொல்கிறேன். "விருந்தினர் உறவுன்னு போட்டிருக்குங்கய்யா" என்றான். அப்படியென்றால் என்ன வேலை? வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிற வேலை. தம்பி, பன்னீர் தெளிப்பது யார் வேலை? வீட்டில் வயசுக்கு வந்த பெண்கள் பட்டுப்பாவாடை கட்டி நின்று தெளிக்கிற வேலை. அறுபத்து மூன்று வயது ஆள், மீசை நரைத்த ஆள், கையில் பன்னீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு ஆட்டினால் எப்படி இருக்கும்? வந்தவர்கள் நனையாமல் விலகி ஓடினார்கள்.

எனக்கு எதிர்ப் பக்கம் ஒரு பொம்மை. இப்போதும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். ஆள் உயரம். சேலை கட்டி, நகை போட்டு. மின்சாரத்தில் கையைக் குவிக்கும், தலையைச் சாய்க்கும், மறுபடி நிமிரும். இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் நான். சனங்கள் அதைப் பார்த்துத் திருப்பிக் கும்பிட்டார்கள். என்னைப் பார்க்கவில்லை. அது பொம்மை என்று தெரிந்தே கும்பிடுகிறார்கள்! உயிரோடு இருக்கிறவன் இங்கே நிற்கிறேன்.

ஐப்பசி மழையில் அதற்கு மோட்டார் எரிந்துபோனது. கை பாதியில் நின்றுவிட்டது. அடிக்க வருகிற மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம். இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த நாள் தருண் வந்தான். "அங்கிள், பொம்மை ரிப்பேருக்குப் போயிருக்கு. வர்ற வரைக்கும் அந்த இடத்துல நீங்க நின்னு கும்பிட்டுடுங்க."

நின்றேன்.

ஏன் நின்றாய் என்று கேட்காதீர்கள். நான்கு முகூர்த்தம் நின்றேன். கையைக் குவித்து, தலையைச் சாய்த்து, நிமிர்ந்து. மூன்றாவது நாள் எண்ணெய்க்கடை ராமானுஜம் வந்தார். அவர் மூன்று பெண்களுக்கும் கல்யாணம் நடத்திக் கொடுத்தவன் நான். என்னைப் பார்த்துவிட்டு நின்றார். "மேனேஜர், என்ன இது இங்க?" என்றார். "ஆள் வரலை. ஒரு நிமிஷம் நிக்கிறேன்" என்றேன். அவர் சாப்பிட்டுவிட்டு வெளியே போகும்போதும் நான் அங்கேதான் நின்றேன். அவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். எனக்காகத்தான் அப்படிப் போனார். மனுஷன்.

கார்த்திகை பிறந்தது. பொம்மை சரியாகி வந்தது. தருண் என்னைக் கூப்பிட்டான். "ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். பொம்மை வந்துடுச்சு. இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம்."

அவ்வளவுதான் தம்பி. பொம்மை வந்தது, நான் போனேன். கணக்கு வழக்கு, சம்பளம் எல்லாம் சுத்தமாகக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்லமாட்டேன். ஒரு சால்வை போட்டார்கள். பிறகு கேக்கை வைத்து வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். கை தட்டினார்கள். வெட்டின பிறகு சமையல்காரர் காதில் சொல்கிறார், "மேனேஜர், அது முட்டை போட்ட கேக்கு." கானா ஈனா மண்டபத்துக்குள் முப்பத்தோரு வருஷம் முட்டை வந்ததில்லை. வாசலில் ஆட்டோவில் கொண்டு போனால்கூட நான் தள்ளி நிறுத்தச் சொல்வேன். கடைசியில் முதல் முட்டையை வெட்டினது நான். தூ.

சாம்பார் வாங்குங்கள். நீங்கள் ஒன்றும் சாப்பிடுவதில்லையே. என்ன, காலையில் சாப்பிட்டது கனமா?

மார்கழி முழுக்க வீட்டில் இருந்தேன். மத்தியானம் செண்பகம் தட்டை வைப்பாள். நன்றாகத்தான் சமைப்பாள். இறங்கவில்லை. இந்த மண்டபத்தில் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் பந்தியில் உட்கார்ந்ததில்லை, தெரியுமா? ஒரு தடவை. கடைசிப் பந்தி முடிந்து, பரிமாறினவர்கள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவுகிறவர்கள் சாப்பிட்டு, அதற்குப் பிறகு பாத்திர அறையில் நின்றுகொண்டே நான்கு வாய். நாலு மணி ஆகும். ஆனாலும் வெளியே ஆயிரம் பேர் சாப்பிட்ட சத்தம் காதில் இருக்கும், அந்தச் சத்தத்தில் இறங்கும். வீட்டில் என்ன சத்தம்? அவள் டிவி. நான் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்கிறது.

தை முதல் முகூர்த்தம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டேன். "பத்திரிகை வந்துச்சா?" என்றாள். "எனக்கு எதுக்குடி பத்திரிகை? நான் கட்டின பந்தி. ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க வேண்டாமா?" என்றேன். சட்டைக் காலரை மடித்துவிட்டாள்.

அதிலிருந்து வருகிறேன். இது ஆறாவது. ஓசிச் சாப்பாட்டுக்கு வருகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் வேறு சாதி. அவன் போகும்போது தாம்பூலப் பை ரெண்டு வாங்குவான், வீட்டில் ஒரு ஆளுக்கு முடியவில்லை என்பான். நான் பையைத் தொட்டதில்லை. கொடுத்தாலும் வாங்கமாட்டேன். குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவேன். பரிமாறுகிறவனிடமே சொல்வேன். கேட்கிறார்கள். முறைப்பதில்லை. ஆனானப்பட்ட புது நிர்வாகத்துக்கும் உள்ளூர ஒரு பயம்.

பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கடைசி வரை எழுந்திருக்காமல் கேட்கிறார்கள். போன முகூர்த்தத்தில் ஒரு வக்கீல். அதற்கு முந்தினதில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், அவரே பேசிப் பழக்கப்பட்டவர், வாயைத் திறக்கவில்லை. பேச்சில் விஷயம் இருந்தால் ஆள் உட்காருவான்.

பாருங்கள், மறுபடியும் நெய்! ஊற்று, ஊற்று. இது ஒன்று தம்பி. என்ன காரணமோ, இந்த மூலைக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் நெய் ரெண்டு தரம் வருகிறது. எந்த வரிசைக்குப் போச்சு, எந்த வரிசைக்குப் போகவில்லை என்று பார்க்க ஆள் இல்லை. நடு வரிசையில் ஒருவன் நெய்யே இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நிர்வாகக் கோளாறு.

இதையெல்லாம் பார்க்க வேண்டியவன் அதோ தூண் பக்கம் நிற்கிறான். நீலக் கோட்டு, காதில் ஒயர். அவன்தான் சுருளி. நத்தத்திலிருந்து இலை எடுக்கிற வேலைக்கு வந்தான். பதினாலு வருஷம் எனக்குக் கீழே. இலை எண்ணுவது, வரிசை பிரிப்பது, எந்த வரிசை எந்த நிமிஷத்தில் எழுந்திருக்கும் என்று கணிப்பது, எல்லாம் நான் கற்றுக்கொடுத்தது. என்னை அனுப்பின அன்றைக்கு அவனும் கூட வருவான் என்று நினைத்தேன். கோட்டை மாட்டிக்கொண்டான். "மூணு பிள்ளைங்கய்யா" என்றான். எனக்கு மட்டும் பிள்ளை இல்லையா? கட்டிக்கொடுத்தாகிவிட்டது, அது வேறு. இப்போது என்னைப் பார்த்தால் தூண் பக்கம் திரும்பிக்கொள்கிறான். ஆறு தடவை வந்திருக்கிறேன், ஆறு தடவையும் தூணைத்தான் பார்த்தான். துரோகிக்கு முகம் இருக்காது.

ஓசி ஆளைப் பிடிப்பதும் அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். உங்களுக்குச் சொல்கிறேன், வெளியே சொல்ல வேண்டாம். யார் என்று நேரே கேட்கக் கூடாது. ஒருவேளை சொந்தக்காரனாக இருந்துவிட்டால் சம்பந்தமே முறிந்துவிடும். குனிந்து, மரியாதையாக, காதுக்குப் பக்கத்தில் ஒரே கேள்வி. "அத்தை வீட்டுக்காரங்க எல்லாம் சாப்பிட்டாச்சா?" அவ்வளவுதான். நிஜமான சொந்தக்காரன் என்றால் உடனே திருப்பிக் கேட்பான், "எந்த அத்தை?" என்று. ஒரு கல்யாணத்தில் குறைந்தது நான்கு அத்தை இருப்பார்கள். மாப்பிள்ளைக்கு அத்தை, பெண்ணுக்கு அத்தை, அம்மாவோட அத்தை, சண்டை போட்டுக்கொண்டு இப்போதுதான் பேச்சுக்கு வந்த அத்தை. ஓசிக்காரனுக்கு எல்லா அத்தையும் ஒன்றுதான். "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்ப்பான். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பினதில்லை.

ஒரே ஒரு ஆள்தான் எனக்குக் கடினமாக இருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை விபூதி, கையில் குடை. நில அளவை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடையப்பன் என்று பிறகு தெரிந்தது. மூன்று முகூர்த்தம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாரிடமும் நன்றாகப் பேசுவார், பிள்ளைகளுக்கு அப்பளம் எடுத்துக் கொடுப்பார். நான்காவது நாள் போய்க் குனிந்தேன். "அத்தை வீட்டுக்காரங்க எல்லாம் சாப்பிட்டாச்சா?" அவரும் சிரித்த முகமாக, "ஆச்சு, ஆச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார்.

"எழுந்திரிங்க" என்றேன்.

அவர் இலையைப் பார்த்தார். ரசம் பிசைந்திருந்தது. "ரசம் பிசைஞ்சுட்டேன். இந்த ஒரு வாய் மட்டும்..." என்றார். "எழுந்திரிங்க" என்றேன். முந்நூறு பேர் பார்த்தார்கள். எழுந்தார். இலையைத் தன் பக்கமாக மடித்து மூடினார், திருப்தியாகச் சாப்பிட்டவர் மாதிரி. நடிப்பு. கை கழுவிக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வரவில்லை.

சுருளிதான் விசாரித்துவிட்டு வந்தான். சம்சாரம் புரட்டாசியில் தவறிட்டாங்களாம், வீட்டில் அடுப்பு இல்லையாம். "விட்டிருக்கலாங்கய்யா. ஒரு இலைதானே" என்றான் என்னிடம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னைக்கு ஒரு இலை. நாளைக்கு ஊர்ல இருக்கிற பொண்டாட்டி செத்தவன் எல்லாம் வருவான். மெஸ் இல்லையா ஊர்ல? இது கல்யாண வீடா, சத்திரமா?" என்று கேட்டேன். அந்தப் பயலுக்கு அப்போதே நிர்வாகம் வராது என்று எனக்குத் தெரியும். இளகின மனசை வைத்துக்கொண்டு பந்தி நடத்த முடியாது.

ரசம் வந்தாச்சு. ஊற்று. போதும். இது ரசமா, வெந்நீரா? மிளகு போட்டானா, இல்லை மிளகு டப்பாவைக் காட்டிவிட்டு மூடிவிட்டானா?

யார் அது, அங்கே பச்சைப் பட்டு? எதற்கு நீங்கள் எழுந்து கையை ஆட்டுகிறீர்கள்? உட்காருங்கள், இலையிலிருந்து பாதியில் எழுந்திருக்கக் கூடாது. உங்களுக்குத் தெரிந்தவர்களா? யார்? அத்தை வீட்டுக்காரர்களா? இப்போதுதான் கோம்பையிலிருந்து வேன் வந்து இறங்குகிறதா? வழியில் டயர் போய்விட்டதா? அப்படியானால் இன்னும் சாப்பிடவே இல்லையே. அடுத்த பந்திக்குச் சொல்லி வையுங்கள், எட்டு இலை, சேர்ந்தாற்போல...

இருங்கள்.

வந்து உட்காருவதற்கு முன்னால் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். குனிந்து கேட்டீர்கள். என்ன கேட்டீர்கள்?

நான் என்ன சொன்னேன்?

நீங்கள் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும் நான் என்ன சொன்னேன் என்று.

எந்த அத்தை என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். எந்த அத்தை?

கோம்பை அத்தை. பெண்ணுக்கு அப்பாவோட அக்கா. நீங்கள்? ஆபீஸ் இல்லையா? நீங்கள்தான் தாய்மாமனா? மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும்? சந்தனம் காதுக்குப் பின்னால் இருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருஷம் முகம் பார்த்தவன் காதுக்குப் பின்னால் பார்க்கவில்லை. சரி. வடை விஷயம் சொன்னது சொன்னதுதான். வடை சின்னது.

பிடித்துவிட்டீர்கள். சுருளி அனுப்பினானா? தலையை ஆட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள். அனுப்பினான். என் கேள்வியையே கொடுத்து அனுப்பினானா? இல்லையா? அது நீங்களாகக் கேட்டதா? நிஜமாகவே அத்தை வீட்டுக்காரர்கள் சாப்பிட்டார்களா என்று தெரிந்துகொள்ளக் கேட்டீர்களா?

எதுவாக இருந்தால் என்ன? பதில் ஒன்றுதானே?

ரசம் பிசைந்துவிட்டேன். இந்த ஒரு வாய்...

இல்லை. அதை நான் சொல்லமாட்டேன். இந்தக் கூடத்தில் ஒருவர் ஏற்கனவே சொல்லிவிட்டார். நாற்காலியை நகர்த்துங்கள், எழுந்திருக்கிறேன். அம்மா, இதோ காலியாகிறது, வந்து உட்காருங்கள்.

என்ன? உட்காரவா?

என்ன சொல்லி அனுப்பினான்? மறுபடி சொல்லுங்கள், இந்த இரைச்சலில் கேட்கவில்லை. "மூலையில எங்க மேனேஜர் உட்கார்ந்திருக்கார். உங்க வீட்டு ஆள் யாராவது ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட வைங்க. தனியா விட்டா அவருக்கு இறங்காது." இப்படியே சொன்னானா? எங்க மேனேஜர் என்றா சொன்னான்?

அந்த வக்கீல்? அவரையும் இவன்தான் அனுப்பினானா? தலைமையாசிரியர்?

அப்போது அந்த நெய்...

தூ. பதினாலு வருஷம் கற்றுக்கொடுத்தேன். இதையா கற்றுக்கொடுத்தேன்? தருணுக்குத் தெரிந்தால் கோட்டைக் கழற்றிவிடுவான், மூன்று பிள்ளை இருக்கிறது. அறிவுகெட்ட பயல். பாருங்கள், இப்போதும் தூணைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

தோளிலிருந்து கையை எடுங்கள். சாப்பிடுகிறேன். சாப்பிடுகிறேன் என்றேனே.

கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

ஏப்பா, மோர். இங்கே வா. எனக்கு இல்லை, இந்தப் பக்கம். முதலில் இவருக்கு ஊற்று. பெண்ணுக்குத் தாய்மாமன். அதோ பச்சைப் பட்டு, கோம்பைக்காரர்கள் எட்டுப் பேர், அவர்களுக்கு அடுத்த பந்தியில் ஒரே வரிசையாக இலை போடச் சொல். நுனி இடது பக்கம். அப்புறம் நடு வரிசைக்கு ஊற்றிவிட்டு வா.

எனக்குக் கடைசியில்.